முதல் விருந்தாளியின் வலது கால்

இடது கால் வலிக்கிறது. வலிக்கட்டும், இடது காலைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. முழங்காலை மடக்கிக் குதிகால்மேல் உட்கார்ந்து ஒன்பது நிமிஷம் ஆகிறது, ஒரு மனுஷனின் கால் எப்படி நடந்துகொள்ள வேண்டுமோ அப்படித்தான் அது நடந்துகொள்கிறது, முதலில் முனகியது, பிறகு மரத்தது, இப்போது எறும்புச் சாரை ஏறுகிற மாதிரி பாதத்திலிருந்து கெண்டைச்சதைவரை சுருசுருவென்று ஏறிக்கொண்டிருக்கிறது. வலது கால்தான் சும்மா இருக்கிறது. முழங்கால் கடுக்கிறது, கணுக்கால் லேசாக, அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை, கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிற தாய்மாமன் மாதிரி ஒரு பேச்சும் இல்லை. கேளேன், எறும்பு வருகிறதா, ஒரே ஒரு எறும்பு, கட்டைவிரல் பக்கமாவது, இல்லை. எதிரே அந்த அம்மாள் ஒரு துணியை மடிக்கிறாள். எழுபது வயதிருக்கும், சாம்பல் நிறக் கிமோனோ, நானும் அதே மாதிரிதான் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் அவள் மலரில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறாள், நான் பஸ் கூரையில் ஏற்றிய மூட்டை மாதிரி இருக்கிறேன். மடித்த துணியை விரிக்கிறாள். விரித்ததை மடிக்கிறாள். ஏற்கெனவே சுத்தமாக இருக்கிற மூங்கில் கரண்டியைத் துடைக்கிறாள். பொதுப்பணித் துறையில் முப்பத்துமூன்று வருஷம் கோப்புகளை நானும் இப்படித்தான் திறந்து மூடினேன், ஆனால் அதை யாரும் டிக்கெட் வாங்கிப் பார்க்க வந்ததில்லை. கியோட்டோ வருகிறவர்கள் பாரம்பரியத் தேநீர்ச் சடங்கைப் பார்க்காமல் போகக் கூடாது என்று மகள் உமையாள் ஒசாகாவிலிருந்து போன மாசமே பதிவு செய்துவிட்டாள். பார்ப்பது என்றுதான் சொன்னாள். உட்காருவது என்று சொல்லவில்லை.

நாற்காலி இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். வாசலிலேயே மிசாகி, எங்களுக்கு மொழிபெயர்க்கிற அந்தச் சின்னப் பெண், "கீழே உட்கார முடியாதவர்களுக்குக் குட்டை நாற்காலி உண்டு" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். என் மனைவி செம்பகம் உடனே கையைத் தூக்கிவிட்டாள், அவளுக்கு முழங்கால் தேய்மானம், அது தெருவுக்கே தெரியும், மறைக்க ஒன்றுமில்லை. "உங்களுக்கும் ஒண்ணு கேக்கவா?" என்றாள். எனக்கெதுக்கு என்றேன், வேகமாக, ரொம்ப வேகமாக, அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். நாற்காலி வேண்டும் என்றால் ஏன் என்று கேட்பாள், காலில் என்ன என்பாள், எந்தக் கால் என்பாள், காட்டுங்க என்பாள், முப்பது வருஷம் தபால் ஆபீசில் விலாசம் சரியில்லாத கடுதாசிகளையெல்லாம் கண்டுபிடித்து உரிய வீட்டுக்கு அனுப்பியவள், அவளிடம் ஒரு காலை எவ்வளவு நேரம் மறைக்க முடியும். அதற்கு ஒரு நிமிஷம் முன்னால்தான் அந்தக் கல். ஷூவைக் கழற்றும்போது வலது ஷூவிலிருந்து டொக்கென்று விழுந்தது, புளியங்கொட்டை அளவு, கூரான விளிம்பு. காலையில் மலைச்சரிவுக் கோயிலில் சரளைக்கல் பாதையில் நடந்தோம், அங்கே ஏறியிருக்க வேண்டும், அப்படியானால் மூன்று மணி நேரம், அத்தனை படி, அத்தனை சந்து, அவள் கடை கடையாக விசிறி விலை கேட்ட அத்தனை வாசல், அந்தக் கல்லின்மேல் நின்றிருக்கிறேன், எனக்குத் தெரியவே இல்லை. சாக்ஸின் அடியில் ஒரு பொட்டு, குங்குமம் மாதிரி. நான் அதை மறைத்துக்கொண்டே உள்ளே வந்து, எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்ள வசதியாக ஒரு தூண் பக்கம் பார்த்து உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் மிசாகி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சித்திரச்சுருள் தொங்குகிற மாடத்துக்குப் பக்கத்து இடம் முதல் விருந்தாளியின் இடமாம். மற்ற எல்லோர் சார்பாகவும் அவர்தான் பேச வேண்டுமாம், கேள்வி கேட்க வேண்டுமாம், முதலில் குடிக்க வேண்டுமாம். "ஐயா, இன்றைக்கு நீங்கள்தான்" என்றாள். நான் எழுந்து இடம் மாறியிருக்கலாம். எழுந்தால் தள்ளாடுவேன். ஆகவே பெரிய மனுஷன் மாதிரித் தலையை ஆட்டினேன்.

மாடத்தில் அந்தச் சுருள் தொங்குகிறது, கருப்பாக ஒரே ஒரு எழுத்து. எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். அறையில் ஆறு பேர், நாங்கள் இருவர், தைவான்காரப் பெண்கள் இருவர், ஹாலந்திலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி. ஹாலந்துக்காரர் ஆறரை அடி, அவருடைய கால்களை அறைக்குள் எங்கே வைப்பதென்று அவருக்கே தெரியவில்லை, முகம் செம்பருத்தியாகச் சிவந்திருக்கிறது. கொடுத்துவைத்த மனுஷன், ரெண்டு காலும் வலிக்கிறது. சரி, கேள்வி. "என்ன எழுதியிருக்கு?" என்றேன். அந்த அம்மாள் ஏதோ சொல்ல, மிசாகி, "நிலா" என்றாள். "அப்புறம்?" என்றேன். "அப்புறம் ஒன்றுமில்லை. நிலா." செம்பகம் என் காதுப் பக்கம் குனிந்து, "தந்தி மாதிரில்லா இருக்கு" என்றாள், நான் சிரிப்பை அடக்கினேன், அடக்கும்போது உடம்பு குலுங்கியது, குலுங்கியதில் இடது காலில் ஆயிரம் ஊசி, வலதில், ஒரு நிமிஷம், வலதில் ஏதோ, இல்லை, அது இடதுதான். இப்படித்தான் பங்குனியிலும். தெப்பத் திருவிழா பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன், வாசலில் செம்பகம், "இன்னொரு செருப்பு எங்க?" என்றாள். பார்த்தால் இடது காலில் செருப்பு இருக்கிறது, வலது காலில் இல்லை, எந்தத் தெருவில் கழன்றதோ, வெறுங்காலோடு பாளையங்கோட்டைத் தெருவில் அரை மைல் நடந்து வந்திருக்கிறேன். ஞாபக மறதி என்று அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அன்றைக்கு ராத்திரி கட்டைவிரலைக் கிள்ளிப் பார்த்தேன், வேறு யாருடைய விரலையோ கிள்ளுகிற மாதிரி இருந்தது, மன்னிக்கணும் ஸார் என்று சொல்லலாம் போல இருந்தது. எங்கள் ஆபீஸ் தலைமைக் கணக்கர் சுடலைமுத்துப் பிள்ளைக்கும் என்னைப் போலச் சர்க்கரைதான், கட்டைவிரலில் வெட்ட ஆரம்பித்து முழங்காலில் முடிந்தார். சுடலைமுத்துவை நினைக்காதே. துணியைப் பார். துணியை மடிக்கிறாள் பார்.

சொல்லியிருக்கலாம், அன்றைக்கே. சொன்னால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், ரத்து. செம்பகத்தைப் போல ஒரு காரியத்தை ரத்து செய்கிற ஆள் திருநெல்வேலிச் சீமையில் கிடையாது. காசிக்குப் போக ரயிலில் இடம் போட்டபோது நான் ரெண்டு தடவை தும்மினேன், ரத்து. கொடைக்கானல், பக்கத்து வீட்டு மாடு கன்று போடுகிற வாரமாம், அது எங்கள் மாடு கூட இல்லை, ரத்து. ஆனால் இந்தப் பயணத்துக்கு மட்டும் ரெண்டு வருஷமாக ஒரு நோட்டுப் போட்டு எழுதி வைத்திருந்தாள், எந்த ஊரில் என்ன, எந்தக் கோயிலில் எத்தனை படி, ஒரு ஊரில் மான்கள் தெருவில் வந்து நம் கையிலிருந்து பிஸ்கட் வாங்கித் தின்னுமாம், அந்தப் பக்கத்தில் ஒரு மானே வரைந்திருந்தாள், ஆடு மாதிரி இருந்தது. அந்த நோட்டைப் பார்த்துக்கொண்டே எப்படிச் சொல்வது. திரும்பி வந்து டாக்டரிடம் போகலாம், கால் எங்கே போகிறது. கால் எங்கே போகிறது என்று எத்தனை சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். ஷூவுக்குள் பொட்டு ரத்தம் காய்ந்திருக்குமா, சாக்ஸில் பரவியிருக்குமா, பாயில் பட்டிருக்குமா, ஐயோ, இந்த வெளிர் பச்சைக் கோரைப் பாய், நூறு வருஷமாக ஒரு கறை படாமல் வைத்திருப்பார்கள், இந்தியாவிலிருந்து ஒருவர் வந்தார், முதல் விருந்தாளி, ரத்தம் சிந்திவிட்டுப் போனார் என்று பரம்பரை பரம்பரையாகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

பலகாரம் வந்துவிட்டது. வெள்ளைக் காகிதத்தில் ஒரு மேப்பிள் இலை, சிவப்பும் மஞ்சளுமாக, இலையல்ல, பயற்று மாவும் சர்க்கரையும் பிசைந்த இனிப்பு. தேநீர் கசக்கும், அதனால் இதை முதலில் சாப்பிட்டுவிட வேண்டும் என்று மிசாகி சொல்கிறாள், மீதி வைப்பது மரியாதை இல்லையாம். நாற்காலியிலிருந்து செம்பகத்தின் குரல், உதடு அசையாமல், "பாதி." நான் அந்த அம்மாளைப் பார்க்கிறேன், அவள் என்னைப் பார்த்து மெல்லத் தலை வணங்குகிறாள். "முழுசாத்தான் திங்கணுமாம்" என்கிறேன். "அவ சொன்னா உங்களுக்குத் திங்கத் தெரியும்." ஒரே வாயில் போட்டுவிட்டேன். என்ன சொல்ல, வாய்க்குள் ஒரு நெய்யில்லாத பாசிப்பருப்பு அல்வா கரைகிறது, மெத்தென்று, ஆறு மாசத்துக்குப் பிறகு சர்க்கரையை நேருக்கு நேர் சந்திக்கிறேன், கண் தானாக மூடிக்கொள்கிறது, மூடியவுடனேயே அது தொண்டையில் இறங்கி, நெஞ்சில் இறங்கி, இடுப்பு வழியாக வலது காலுக்குப் போகிற மாதிரி எனக்கே தெரிகிறது, கால்வாய் மடையைத் திறந்தால் தண்ணீர் கடைசி வயலுக்குப் போகுமே அந்த மாதிரி, போய் அங்கே தேங்கி நிற்கிறது. கண்ணைத் திறந்தால் செம்பகம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கோபமாக அல்ல. கோபமாகப் பார்த்தால் பழக்கம் உண்டு. இது வேறு, விலாசம் அழிந்த கவரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற பார்வை.

அந்த அம்மாள் ஒரு சிட்டிகை, இன்னொரு சிட்டிகை பச்சைப் பொடியைக் கிண்ணத்தில் போட்டு, கெட்டிலிலிருந்து அகப்பையால் வெந்நீர் ஊற்றி, மூங்கில் துடைப்பத்தால் சளசளவென்று அடிக்கிறாள். நுரை வருகிறது. எழுந்து, ஒரு ஆட்டமும் இல்லாமல் எழுந்து, எழுபது வயதில், என் முன்னால் கிண்ணத்தை வைக்கிறாள். இனி நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், மிசாகி முன்பே சொல்லிக் கொடுத்திருக்கிறாள், கிண்ணத்தை எனக்கும் அடுத்த விருந்தாளிக்கும் நடுவில் வைத்து, கை ஊன்றி வணங்கி, ஒசாகி நி. நான் அதை மறக்காமல் இருக்க ஒசக்க நீ, ஒசக்க நீ என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன், பொருத்தமாகத்தான் இருக்கிறது, ஒசக்க நாற்காலியில் அவள், கீழே பாயில் நான். அடுத்த விருந்தாளி செம்பகம்தான். கல்யாணமாகி முப்பத்துநாலு வருஷத்தில் நான் அவளை வணங்கியதில்லை, அவள் முகத்தைப் பார்த்தால் இந்தக் காட்சியை நாளை பாளையங்கோட்டைக்கே போன் போட்டுச் சொல்லப் போகிறாள் என்று தெரிகிறது. கையை ஊன்றினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம், வாய் சும்மா இருந்ததா, "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று மிசாகியிடம் கேட்டேன். முதல் விருந்தாளி கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே, அவள் பளிச்சென்று சிரித்துக்கொண்டு சொன்னாள், "உங்களுக்கு முன்னால் போகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்."

குடிப்பதைத்தான் சொல்கிறாள். தெரிகிறது, தேநீர், முதலில் குடிப்பது, அவ்வளவுதான். உனக்கு முன்னால் போகிறேன். ஒ என்கிற எழுத்து தொண்டையில் வந்து நிற்கிறது, அதற்குப் பின்னால் சாவன்னா, கீனா எல்லாம் வரிசையில் நிற்கிறது. உனக்கு முன்னால் போகிறேன், மன்னித்துக்கொள், செம்பகம், கட்டைவிரலிலிருந்து தொடங்கிவிட்டேன். கெட்டில் சீறுகிறது. நான் கை ஊன்றியபடி, குனிந்தபடி, நுரையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், நுரையில் ஒரு குமிழி உடைகிறது, இன்னொன்று. ஹாலந்துக்காரர் மெதுவாக, "கடவுளே" என்கிறார், அவருடைய கால்களைப் பற்றி. தைவான் பெண்கள் நான் ஏதோ தியானத்தில் இருப்பதாக நினைத்து அவர்களும் குனிகிறார்கள். செம்பகம், "என்னங்க, சொல்லுங்களேன், டீ ஆறுது" என்றாள். நான் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினேன். "நீ குடி." "எனக்கில்லங்க, உங்களுக்கு." திரும்ப நகர்த்தினாள். "நீ முதல்ல குடி செம்பகம்." நகர்த்தினேன். மிசாகி முழங்காலால் நகர்ந்து வந்து, "ஐயா, முறை என்னவென்றால்" என்றாள். "முறை கிடக்கட்டும்மா, இவ முதல்ல போகட்டும்" என்றேன், சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அபத்தம் என்று பட்டது, அவள் போக வேண்டும் என்றா சொல்கிறேன், "இல்ல இல்ல, இவ போக வேண்டாம்" என்றேன், "யாரும் போக வேண்டாம்." மிசாகி இதை அந்த அம்மாளுக்கு எப்படி மொழிபெயர்த்தாளோ, அந்த அம்மாள் நீளமாக என்னைப் பார்த்தாள், பிறகு எழுந்துபோய் இன்னொரு கிண்ணத்தில் தேநீர் அடித்துக் கொண்டுவந்தாள். ரெண்டு கிண்ணத்தையும் பக்கம் பக்கமாக எங்கள் நடுவில் வைத்தாள். இது வழக்கமில்லை என்று மிசாகியின் வாய் பிளந்து கிடந்ததிலேயே தெரிந்தது. ஒரே நேரத்தில் எடுத்தோம், ஒரே நேரத்தில் குடித்தோம். வேப்பங்கொழுந்தையும் கருவேப்பிலையையும் சேர்த்து அரைத்தால் இருக்கும். செம்பகத்தின் மேலுதட்டில் பச்சை மீசை. "இதுக்கா இவ்வளவு நேரம் துடைச்சா?" என்றாள்.

முடிந்தது என்று மிசாகி சொன்னதும் எல்லோரும் எழுந்தார்கள், எழுந்தார்கள் என்பது பேச்சுக்கு, ஹாலந்துக்காரர் நாலு காலில் வாசலுக்குப் போனார். நான் தூணைப் பிடித்தேன். இடது கால் கொழகொழவென்று இருந்தது, வலது காலை ஊன்றினேன், ஊன்றியதாகத்தான் நினைத்தேன், பாதம் மடங்கிப் பக்கவாட்டில் இருந்திருக்கிறது, தெரியவில்லை, அப்படியே சரிந்து மாடத்துக்கு முன்னால் சாஷ்டாங்கமாக விழுந்தேன். நிலாவுக்கு நமஸ்காரம் செய்கிறேன் என்று நினைத்து தைவான் பெண்களில் ஒருத்தி கை தட்டினாள். செம்பகம் கை தட்டவில்லை. அவள் என் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், சாக்ஸின் அடியில் அந்தப் பொட்டு இப்போது ஒரு ரூபாய் அகலம்.

வாசல் படியில் உட்கார்ந்தோம், ஷூ போடுகிற இடத்தில். மற்றவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு ஷூ தேடினார்கள். "சொல்லுங்க" என்றாள். சொல்லாமல் இருக்க முடியுமா என்று ஒரு தடவை யோசித்துப் பார்த்தேன், முடியாது. "வலது கால்ல உணர்ச்சி இல்ல" என்றேன். "எப்பமிருந்து?" "பங்குனி." அவள் விரலை மடக்கினாள், சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி, ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போனபோது எனக்கு வேர்த்தது. "இது ஐப்பசி" என்றாள். "ஆமா." "ஏழு மாசமா பக்கத்துல படுத்துக் கெடந்து மறைச்சிருக்கிய." நான் தரையைப் பார்த்தேன். "சொன்னா நீ ரத்து பண்ணிருவ. ரெண்டு வருஷமா நோட்டுல எழுதி வச்சிருந்த. சரி, இப்பப் பண்ணிக்க, உமையாளுக்குப் போன் போடு, நாளைக்கே கிளம்பிருவோம்." அவளுக்கு மூக்கு விடைத்தது, அழப் போகிறாள் என்று நினைத்தேன், அவள் முந்தானையால் அந்தப் பச்சை மீசையைத் துடைத்தாள். "எதுக்குக் கிளம்பணும்?" என்றாள். "இந்த ஊர்ல டாக்டர் கெடையாதா? நாளைக்குக் காலையில உமையாளக் கூட்டிட்டு டாக்டரப் பாக்கோம். அவரு என்ன சொல்லுதாரோ கேக்கோம். நாளக்கழிச்சு மான் பாக்கப் போறோம். நடக்கக் கூடாதுன்னா சக்கர நாற்காலியில வச்சுத் தள்ளுதேன். மான் என்ன, உங்க காலையா பாக்கப் போவுது?"

செம்பகம் ஒரு காரியத்தை ரத்து செய்யாமல் விட்டதை இப்போதுதான் முதல் தடவை பார்க்கிறேன். அவள் அதற்குள் படியிலிருந்து இறங்கி, தேய்ந்த முழங்கால் மளுக்கென்று சத்தம் போட, கீழே உட்கார்ந்து என் காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள், சாக்ஸை உருவினாள், கைப்பையிலிருந்து பிளாஸ்திரி எடுத்து அந்தக் காயத்தில் ஒட்டினாள். பிறகு கட்டைவிரலைப் பிடித்து நகம் பதிய ஒரு கிள்ளு. "தெரியுதா?" "தெரியல." அடுத்த விரல். "தெரியுதா?" "தெரியல." ஹாலந்துக்காரரும் அவர் மனைவியும் ஒற்றை ஷூவோடு அப்படியே நின்றுவிட்டார்கள். வழியனுப்ப வந்த அந்த அம்மாள் பார்த்தாள், முறையான ஏதோ ஒரு காரியம் நடக்கிறது என்று புரிந்துகொண்டவள்போல் மெதுவாக மண்டியிட்டு, கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு கவனித்தாள். மிசாகியும் உட்கார்ந்தாள். நடுப்பாதம். "இங்கன?" "இல்ல." அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. பாதத்தின் வளைவு. "இங்கன?" "லேசா. யாரோ எங்கயோ தொடுற மாதிரி." அவள் கையை நகர்த்தி, குதிகாலில், ரெண்டு விரலுக்கு நடுவில் தோலைப் பிடித்து, திருகிக் கிள்ளினாள்.

"அம்மா!" என்று கத்தினேன். தெருவில் போன ஒரு சைக்கிள் நின்றது. அந்த அம்மாள் நெற்றி தரையில் பட வணங்கினாள். செம்பகம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், கண்ணில் தண்ணீர் நிற்கிறது, வாய் சிரிக்கிறது. "கத்துதியள்லா," என்றாள், "கத்துங்க," என்று சொல்லி அதே இடத்தில் இன்னும் பலமாகக் கிள்ளினாள்.